பழைய கார் என்ஜின்: இறக்குவதற்கு முன்னால் கேட்க வேண்டியவை

வடசென்னையில், தண்டையார்பேட்டைச் சந்துகளிலும் பெரம்பூர் வீட்டு வாசல்களிலும் தார்ப்பாய் போர்த்திய அம்பாசிடரும் பத்மினியும் இன்னும் நிற்கின்றன. அப்பா ஓட்டியது, தாத்தா வாங்கியது என்று விற்க மனமில்லாமல் வைத்திருக்கிறார்கள். அதை மறுபடி ஓட வைக்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அம்பாசிடரின் 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினைப் பற்றியவை. எல்லாப் பதில்களிலும் நான் வற்புறுத்துவது ஒன்றைத்தான்: அளந்து பார்க்காமல் எந்த என்ஜினையும் திறக்கக் கூடாது. நன்றாக இருந்த என்ஜின்கள் பல, திறந்ததால்தான் கெட்டன.

எங்க வண்டி அம்பாசிடர் இல்ல. இதெல்லாம் அதுக்கும் பொருந்துமா?

பெரும்பகுதி பொருந்தும். நாலு சிலிண்டர், புஷ் ராட், மேலே வால்வு, ஒரே கார்புரேட்டர், பாயிண்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் என்று அந்தக் காலத்துச் சாதாரண வண்டிகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அமைப்புதான். மும்பை குர்லாவில் தயாரான பிரீமியர் பத்மினிக்கு 1089 சி.சி. என்ஜின், பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். அம்பாசிடருக்கு இரண்டுமே இரும்பு. இந்த வேறுபாடு தண்ணீர் விஷயத்தில் ரொம்ப முக்கியம், பின்னால் சொல்கிறேன்.

நம்ம ஊர் வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருப்பவர்கள் முதலில் ஒரு சோதனை செய்துவிட வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து கிளட்சை மிதிக்கட்டும், இன்னொருவர் முன்னால் நின்று கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) முனையில் இருக்கும் புல்லியைப் பார்க்கட்டும். புல்லி கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு முன்னும் பின்னும் நகர்ந்தால் கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. அப்படியே ஓட்டினால் வாஷர் கழன்று சம்புக்குள் (அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) விழும். கிராங்கும் பிளாக்கும் சேர்ந்தே போகும்.

அம்பாசிடர் என்ஜினுக்கும் எண்ணூருக்கும் உறவு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் பாகங்களைப் பூட்டி ஓட விட்டது ஆஸ்டின் ஏ40 கார்களை. 1955-ல்தான் அந்த நிறுவனம் அசோக் லேலண்ட் ஆனது. அந்த ஏ40-யின் 1200 சி.சி. என்ஜினிலிருந்து வளர்ந்ததுதான் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் பி-சீரிஸ், அம்பாசிடருக்குள் இருப்பது அதன் 1489 சி.சி. வடிவம். இரண்டுக்கும் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம், 89 மி.மீ. தான். போர், அதாவது சிலிண்டரின் உள் விட்டம், மட்டும் 65.5-லிருந்து 73 மி.மீ. ஆனது. எண்ணூரில் அன்று ஆஸ்டின் பூட்டியவர்களுக்கு இந்த என்ஜின் அந்நியமாகத் தெரிந்திருக்காது.

பத்து வருஷமா ஓடாம நிக்குது. புது பேட்டரி போட்டு அடிச்சுப் பார்க்கலாமா?

கூடாது. நின்ற வண்டியை முதல் நாளே செல்ஃப் அடிப்பதுதான் அதைக் கெடுக்கும் நிச்சயமான வழி. சிலிண்டர் சுவரில் ஆயில் படலம் காய்ந்திருக்கும். ஏதோ ஒரு வால்வு திறந்தபடியே நின்றிருக்கும். அதன் வழியாக உப்புக் காற்று உள்ளே போய்த் துரு பிடித்திருக்கும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டி நிற்கிற வண்டிகளுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். அந்தத் துரு மேல் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் ஓடினால் போர் முழுக்கக் கீறல் விழும்.

நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு மூன்று ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு ஓரிரு நாள் விடுங்கள். பிறகு முன்னால் ஹாண்டில் போட்டுக் கையால் சுற்றுங்கள். அம்பாசிடருக்கு ஹாண்டில் துளை இருப்பது பெரிய வரம். தடையில்லாமல் இரண்டு முழுச் சுற்று வந்தால் பழைய ஆயிலை வடித்துப் புது ஆயிலும் ஃபில்டரும் போடுங்கள். டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை முழுவதும் இறக்கிவிடுங்கள். அது வார்னிஷ் மாதிரி ஒட்டும், கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும். பிளக் இல்லாமலே செல்ஃப் அடித்து, ஆயில் பிரஷர் கேஜ் ஏறுகிறதா, கேஜ் இல்லாத வண்டியில் ஆயில் விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். பிரஷர் வந்த பிறகுதான் பிளக் மாட்ட வேண்டும்.

ஹாண்டில் போட்டும் அசையல. ஜாம் ஆயிடுச்சா?

முதலில் கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பாருங்கள். செல்ஃப் மோட்டார் பினியன் ஃப்ளைவீலில் மாட்டிக்கொண்டு நிற்பதும் உண்டு; செல்ஃபைக் கழற்றி எடுத்துவிட்டு மறுபடி சுற்றிப் பாருங்கள். வாட்டர் பம்போ டைனமோவோ இறுகியிருந்தாலும் இப்படித் தோன்றும். பெல்ட்டை எடுத்துவிட்டால் தெரிந்துவிடும்.

உண்மையிலேயே பிஸ்டன் பிடித்திருந்தால் பொறுமை வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலான ஏ.டி.எஃப்.பும் அசிட்டோனும் சரிபாதி கலந்து நாலு சிலிண்டரிலும் ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். அசிட்டோன் ஆவியாகும், தீப்பிடிக்கும். காற்றோட்டமான இடத்தில், பீடி சிகரெட் இல்லாமல் செய்ய வேண்டும். பிறகு டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். ஒரு நூல் அசைந்தாலும் போதும், மீண்டும் ஊற்றிக் காத்திருங்கள். இன்னொரு வண்டியில் கயிறு கட்டி இழுத்து விடுவிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கனெக்டிங் ராட் வளையும், ரிங் உடையும், ஒரு வாரத்தில் விட்டுக்கொடுத்திருக்கும் என்ஜின் நிரந்தரமாகப் போகும்.

செல்ஃப் சுத்துது, ஸ்டார்ட் ஆகல.

நெருப்பு இருக்கிறதா, பெட்ரோல் இருக்கிறதா? இந்த வரிசையில் பாருங்கள். ஒரு பிளக்கைக் கழற்றி ஒயரோடு பிளாக்கில் சாய்த்து வைத்துச் சுற்றுங்கள். நீல நிறத்தில் சட்டென்று வெட்டினால் நெருப்பு நன்றாக இருக்கிறது. மஞ்சளாக, சோம்பலாக வந்தால் கண்டன்சரையும் பாயிண்டையும் பாருங்கள். பாயிண்ட் முகத்தில் ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் குழியும் இருந்தால் கண்டன்சர் சரியில்லை என்று அர்த்தம். பாயிண்ட் இடைவெளி 15 தௌ, அதாவது 0.38 மி.மீ.; பிளக் இடைவெளி 25 தௌ. ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. லேத் பட்டறையில் எல்லா அளவும் இந்தக் கணக்கில்தான் பேசுவார்கள், பழகிக்கொள்ளுங்கள்.

நெருப்பு இருந்தும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஏசி பம்பிலிருந்து (பட்டறையில் பெட்ரோல் பம்புக்குச் சொல்லும் பெயர்) கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டுச் சுற்றுங்கள். விட்டு விட்டுப் பீய்ச்ச வேண்டும். வரவில்லை என்றால் பம்ப் டயாஃப்ரம், டேங்க் அடைப்பு, குழாயில் காற்றுக் கசிவு, இந்த மூன்றில் ஒன்று. இதுவும் சரியென்றால் ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2 வரிசையில் ஒயர் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வண்டியைத் துடைக்கிறேன் என்று யாராவது ஒயரைக் கழற்றி மாற்றி மாட்டியிருப்பார்கள்.

மெக்கானிக் பானெட்டைத் திறந்ததும் "என்ஜின் இறக்கணும்" என்கிறார். நம்பலாமா?

எதை அளந்து சொல்கிறார் என்று கேளுங்கள். காதால் கேட்டு, புகையைப் பார்த்து முடிவு செய்யும் அனுபவசாலிகள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனாலும் என்ஜினை வண்டியிலிருந்து இறக்கிப் பிரிப்பது பெரிய செலவு, திரும்பிப் போக முடியாத வேலை. அதற்கு முன் அரை நாள் சோதனைக்கு ஒத்துக்கொள்ளாத பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

முதல் சோதனை கம்ப்ரஷன். என்ஜினை நன்றாகச் சூடாக்கி, நாலு பிளக்கையும் கழற்றி, காயில் ஒயரை எடுத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டராக கேஜ் வைத்துச் சுற்ற வேண்டும். ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் எடுக்கும் அளவு பொய்யளவு. நாலு எண்ணையும் தாளில் எழுதி வையுங்கள். எண் எவ்வளவு உயரம் என்பதை விட நாலும் எவ்வளவு நெருக்கம் என்பதே முக்கியம். எல்லாம் 120 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு) ஒட்டி, ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால் அந்த என்ஜினை இறக்க எந்தக் காரணமும் இல்லை. கோளாறு வெளியே இருக்கிறது.

ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். எண் நன்றாக ஏறினால் ரிங் அல்லது போர் தேய்மானம். ஏறவே இல்லை என்றால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் மட்டும் பாதியாக, 120, 118, 60, 62 என்பது போல வந்தால், மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் ஹெட் கேஸ்கெட் ஊதியிருக்கிறது. கேஸ்கெட்டும் வால்வும் ஹெட்டைக் கழற்றினாலே தீரும் வேலைகள். என்ஜின் வண்டியிலேயே இருக்கட்டும்.

இரண்டாவது சோதனையை நம்ம தெருமுனைப் பஞ்சர் கடை கம்ப்ரஸரை வைத்தே செய்யலாம், ஆனால் பலர் செய்வதில்லை. சிலிண்டரை டாப் சென்டருக்கு, அதாவது இரண்டு வால்வும் மூடிப் பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடத்துக்கு, கொண்டுவந்து பிளக் துளை வழியாகக் காற்று விடுங்கள். வண்டி கியரிலும் ஹாண்ட் பிரேக்கிலும் இருக்க வேண்டும், ஹாண்டில் முன்னால் மாட்டியிருக்கக் கூடாது, கை கால் எதுவும் ஃபேன் பக்கம் போகக் கூடாது. பிறகு காதை வையுங்கள். கார்புரேட்டரில் சீறினால் இன்லெட் வால்வு, சைலன்ஸரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் மூடியில் சீறினால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது விரிசல். இதற்குப் பிறகு யூகத்துக்கு இடமே இல்லை.

மூன்றாவது ஆயில் பிரஷர். காரில் இருக்கும் கேஜை நம்பாமல் தனி கேஜ் மாட்டிச் சூடான என்ஜினில் பார்க்க வேண்டும். ஓட்டத்தில் 50 பி.எஸ்.ஐ. பக்கத்திலும், ஐட்லிங்கில் 15 பக்கத்திலும் இருந்தால் பேரிங்குகள் பிழைத்திருக்கின்றன. ஐட்லிங்கில் ஐந்துக்குக் கீழே விழுந்து, ஓட்டத்திலும் இருபதைத் தாண்டவில்லை என்றால் ஆயில் பம்ப், ரிலீஃப் வால்வு ஸ்பிரிங் இரண்டையும் பார்த்துவிட்டு, அதற்கும் சரியாகவில்லை என்றால் மட்டும் கிராங்க் வேலை. ரிங்கும் போய் பேரிங்கும் போயிருந்தால், ஆம், இறக்கத்தான் வேண்டும். அப்போது தயங்காதீர்கள், பாதி வேலையும் செய்யாதீர்கள். போர் போடாமல் (சிலிண்டரைக் கடைந்து சீராக்காமல்) ரிங் மட்டும் மாற்றுவது பணத்தைத் தண்ணீரில் போடுவதுதான்.

எந்தப் புகைக்கு என்ன அர்த்தம்?

நீலம் என்றால் ஆயில் எரிகிறது. ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது நீலம் என்றால் ரிங். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கி, கீழே மறுபடி மிதித்ததும் ஒரு கொத்து நீலம் வந்தால் வால்வு கைடு. வியாசர்பாடி மேம்பாலத்திலோ பேசின் பிரிட்ஜிலோ ஏறி இறங்கும்போது பின்னால் வருபவரைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். கருப்பு என்றால் பெட்ரோல் அதிகம். சோக் மாட்டியிருக்கலாம், கார்புரேட்டருக்குள் மிதக்கும் ஃப்ளோட் ஓட்டையாகி மூழ்கியிருக்கலாம். வெள்ளை, அதுவும் சூடான பிறகும் நிற்காத வெள்ளை என்றால் தண்ணீர் உள்ளே போகிறது.

ஆயில் குச்சியில் அளவு தானாக ஏறி, மோந்தால் பெட்ரோல் வாசனை வந்தால் ஏசி பம்ப் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் சம்புக்குப் போகிறது. அன்றே வண்டியை நிறுத்துங்கள். ஆயில் நீர்த்துப்போய் பேரிங் எல்லாம் போவதற்கு அதிக தூரம் வேண்டியதில்லை.

கீழேயிருந்து ஒரு சத்தம் வருது. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை என்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேளுங்கள். மேலே லேசாக, என்ஜின் வேகத்தில் பாதி வேகத்தில் 'டிக் டிக்' என்றால் வால்வைத் திறக்கும் டேப்பட். அம்பாசிடருக்கு டேப்பட் இடைவெளி 15 தௌ. எட்டு வால்வுக்கும் ஒன்பது கணக்கு: எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும், ஆறு திறந்திருக்கும்போது மூன்றை, இப்படி இரண்டும் கூட்டினால் ஒன்பது வர வேண்டும். குளிர்ந்த என்ஜினில் வரும் சத்தம் சூடானதும் மறைந்தால் பிஸ்டன் போரில் அடிக்கிறது. கொஞ்ச நாள் ஓட்டலாம்.

ஏற்றத்தில், சுமையில், வயிற்றுக்குள் இடிப்பது போலக் கனமான சத்தம் வந்தால் மெயின் பேரிங். சமதளத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக விடும்போது தட்டினால் கனெக்டிங் ராட் பேரிங். ஒவ்வொரு பிளக் ஒயராக எடுத்துப் பாருங்கள். எந்த சிலிண்டரை நிறுத்தியதும் சத்தம் அடங்குகிறதோ அந்த ராட்தான். இந்தச் சத்தத்தோடு மாதவரம் வரைகூட ஓட்டாதீர்கள்.

கத்திரி வெயிலில் டிராஃபிக்கில் நின்றால் அணைந்துவிடுகிறது. அரை மணி கழித்து ஸ்டார்ட் ஆகிறது.

இரண்டு காரணம் இருக்கலாம், இரண்டுக்கும் மருந்து வேறு. அம்பாசிடர் ஹெட்டில் இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம். கார்புரேட்டர் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் சூட்டில் உட்கார்ந்திருக்கிறது. குழாயில் பெட்ரோல் ஆவியாகி பம்பால் தள்ள முடியாமல் போகும். இன்னொன்று, சூடானதும் காயிலோ கண்டன்சரோ செத்துப்போவது, ஆறியதும் உயிர் வருவது.

வண்டி நின்ற அந்த நிமிஷமே ஒரு பிளக்கைக் கழற்றி நெருப்பு பாருங்கள். நெருப்பு இல்லை என்றால் காயில் அல்லது கண்டன்சர். நெருப்பு இருந்தால் ஈரத்துணியை ஏசி பம்பின் மேலும் பெட்ரோல் குழாயின் மேலும் சுற்றுங்கள், உடனே ஸ்டார்ட் ஆனால் ஆவி அடைப்பு. பெட்ரோல் குழாயை எக்ஸாஸ்டிலிருந்து தள்ளி ஓட்டி, கார்புரேட்டருக்கு அடியில் இருக்க வேண்டிய தடித்த இன்சுலேட்டர் கேஸ்கெட்டைப் போடுங்கள். பல வண்டிகளில் அதைத் தூக்கி எறிந்துவிட்டு மெல்லிய பேப்பர் வைத்திருப்பார்கள்.

ரேடியேட்டர் கொதிக்குது. எத்தனை தடவை சுத்தம் பண்ணாலும் திரும்ப வருது.

எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? வடசென்னையில் இதுதான் முதல் கேள்வி. மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்தது பல பத்தாண்டுக் கதை. திருவொற்றியூர், எண்ணூர், மணலி என்று எங்கு போர்வெல் போட்டாலும் உப்பும் கடினமும்தான். அந்தத் தண்ணீரை வருஷக்கணக்கில் ஊற்றியதால் பிளாக்குக்குள் சுண்ணாம்பும் துருச்சேறும் படிந்திருக்கும். கடைசி சிலிண்டரைச் சுற்றித்தான் அதிகம், ஏனென்றால் தண்ணீர் ஓட்டம் அங்கே மெது.

ரேடியேட்டரை மட்டும் சுத்தம் செய்தால் ஒரு மாதத்தில் பிளாக்கில் இருக்கும் சேறு வந்து அதை அடைக்கும். பிளாக்கின் பக்கத்தில் இருக்கும் டிரெயின் காக்கைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் எதுவும் வராது. கம்பி விட்டுக் குத்தினால்தான் சேறு இறங்கும். பிளாக்கின் பக்கத் துளைகளை மூடியிருக்கும் வெல்ச் பிளக்குகளைத் தட்டி எடுத்து, உள்ளே கம்பியும் பிரஷர் தண்ணீரும் விட்டுச் சுரண்ட வேண்டும். வெல்ச் பிளக் மெல்லிய தகடு, உப்புத் தண்ணீரில் உள்ளேயிருந்து அரித்திருக்கும். புதிதாகப் பித்தளையில் போட்டுவிடுங்கள். ரேடியேட்டர் செம்பும் பித்தளையும் ஈயம் வைத்துப் பற்றவைத்தது. மேல் டேங்கைப் பிரித்துக் கம்பி விட்டு ஒவ்வொரு குழாயாகக் குத்திச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். வெறும் ஆசிட் ஊற்றித் தருபவரிடம் வேண்டாம்.

இதற்குப் பிறகு டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் மட்டும். பத்மினிக்காரர்களுக்கு இது இரண்டு மடங்கு முக்கியம். அலுமினிய ஹெட்டை உப்புத் தண்ணீர் அரித்துத் தண்ணீர்ப் பாதையின் ஓரம் பொரிந்து போகும், எத்தனை கேஸ்கெட் போட்டாலும் நிற்காது. அப்படி இருந்தால் அலுமினிய வெல்டிங் செய்து, பிறகு ஃபேசிங் எடுக்க (முகத்தைச் சமமாகச் சீவ) வேண்டும். கொதித்த வண்டியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுவதும் அந்த ஹெட்டைக் கோணலாக்கும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியாதீர்கள். அது இல்லாமல் ஓடும் என்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் ஆயிலில் ஈரம் தேங்கும், போர் சீக்கிரம் தேயும்.

ஆயில் சொட்டுச் சொட்டா கீழே விழுது.

கிளட்ச் ஹவுசிங் அடியில் ஒரு சொட்டு இரண்டு சொட்டு என்றால் கவலை வேண்டாம். இந்த என்ஜினில் பின் மெயின் பேரிங்குக்கு ரப்பர் சீல் கிடையாது. சுழலும் திருகுப் பள்ளம் ஆயிலைத் திருப்பி விடுகிறது, நின்றதும் கொஞ்சம் கசியும். நிறைய ஒழுகினால் முதலில் மேனிஃபோல்டுக்கு அடியில் இருக்கும் டேப்பட் கவர் கேஸ்கெட்டைப் பாருங்கள். அங்கிருந்து வழிந்து பின்னால் போய்ச் சொட்டுவதைப் பார்த்துவிட்டுத் தேவையில்லாமல் கியர்பாக்ஸை இறக்குகிறார்கள்.

வெள்ளத்தில் மூழ்கிவிட்டது.

2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் எத்தனையோ வண்டிகளுக்கு இது நடந்தது. சாவியைத் தொடாதீர்கள். பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள். தண்ணீர் அமுங்காது, சிலிண்டருக்குள் தண்ணீரோடு செல்ஃப் அடித்தால் ராட் வளையும். பிளக்குகளைக் கழற்றி ஹாண்டிலால் சுற்றித் தண்ணீரை வெளியே தள்ளுங்கள். சம்ப் நட்டைத் திறந்தால் முதலில் தண்ணீர் வரும், பிறகு ஆயில். மலிவான ஆயில் ஊற்றிச் சுற்றி வடித்து, மறுபடி ஊற்றி வடித்து, பால் நிறம் போகும் வரை செய்ய வேண்டும். டைனமோ, செல்ஃப், டிஸ்ட்ரிபியூட்டர் மூன்றையும் பிரித்துக் காய வைக்க வேண்டும். கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் ஆயிலை மறந்துவிடுகிறார்கள், அதிலும் தண்ணீர் போயிருக்கும். 2023-ல் எண்ணூர், மணலி பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் வந்தது. அதில் நின்ற வண்டிகளின் ரப்பர் ஹோஸ், மவுண்டிங் எல்லாம் ஊறிப் பஞ்சாகியிருக்கும், மாற்றாமல் விடக் கூடாது.

இதில் நேரம்தான் எல்லாம். நல்ல தண்ணீரோ உப்புத் தண்ணீரோ, ஒரு வாரம் விட்டால் ரிங் போரில் ஒட்டிவிடும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வண்டிக்கு ஆகுமா?

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம் இவற்றை எத்தனால் ஊற வைத்துக் கரைக்கும். காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் நிற்கும் வண்டியின் டேங்க் அடியில் தண்ணீர் சேர்ந்து துரு வரும். நம்ம ஊர் ஈரப்பதத்துக்கு அது சீக்கிரமே நடக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ், டயாஃப்ரம், நீடில் வால்வு போடுங்கள். டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் கண்ணாடி ஃபில்டர் ஒன்று வையுங்கள். எத்தனாலுக்குக் காற்று குறைவாகத் தேவை என்பதால் பழைய ஜெட் அளவில் கலவை மெலிந்து போகும்; ஏற்றத்தில் இழுக்காமல் துள்ளினால் மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கிப் பார்க்கலாம்.

ஈயம் கலந்த பெட்ரோலைப் பற்றியும் கேட்பார்கள். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நாடு முழுவதும் அது நின்றது. அந்த ஈயம்தான் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டைத் தேயாமல் காத்தது. அம்பாசிடர் ஹெட்டில் சீட் இரும்பிலேயே வெட்டியிருக்கும். ஆனால் இதற்காக மட்டும் ஹெட்டைக் கழற்ற வேண்டாம். டேப்பட் இடைவெளி அடிக்கடி தானாகக் குறைந்துகொண்டே வந்தால் சீட் அமுங்குகிறது என்று அர்த்தம்; அப்போது கடினமான இன்செர்ட் சீட் போடச் சொல்லுங்கள்.

சரி, இறக்கியே ஆகணும். லேத்தில் என்ன சொல்லிக் கொடுக்கிறது?

வடசென்னையில் நல்ல கைகளுக்குப் பஞ்சமில்லை. செம்பியத்தில் சிம்சனும் இந்தியா பிஸ்டன்ஸும், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, எண்ணூரில் லேலண்ட், பெரம்பூரில் ரயில்வே பணிமனைகள் என்று இந்தப் பகுதி தலைமுறை தலைமுறையாக இரும்பு வேலை பார்த்தது. அந்த ஒழுங்கில் பழகிய ஒருவர் பக்கத்துத் தெருவிலேயே இருக்கலாம். தேடிக் கண்டுபிடியுங்கள்.

போரை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். 8 தௌவுக்கு மேல் தேய்ந்திருந்தால் ரீபோர். 20, 30, 40 என்று அடுத்த ஓவர்சைஸில் பிஸ்டன் கையில் வந்த பிறகுதான் போர் போட வேண்டும். பிஸ்டனை அளந்து அதற்கேற்பப் போரை முடிக்க வேண்டும். முதலில் போர் போட்டுவிட்டுப் பிஸ்டனைத் தேடுவது தலைகீழ் வேலை. கடைசி ஓவர்சைஸும் போயிருந்தால் லைனர் (சிலிண்டருக்குள் இறக்கும் புது உறை) போட்டு ஸ்டாண்டர்டுக்குக் கொண்டுவரலாம், பிளாக்கைத் தூக்கி எறிய வேண்டாம். ரிங்கைப் போரில் வைத்து முனை இடைவெளி பார்க்க வேண்டும்: போர் ஒரு அங்குலத்துக்கு 3 முதல் 4 தௌ என்பது கணக்கு, 73 மி.மீ. போருக்கு 9 முதல் 12 தௌ வரும்.

கிராங்கில் வட்டம் கெட்டிருக்கிறதா என்று மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்காமல் கிரைண்டிங் செய்ய விடாதீர்கள். நல்ல கிராங்கை வீணாக 10 தௌ குறைப்பது அதன் ஆயுளைக் குறைப்பது. கிரைண்டிங் முடிந்ததும் ஆயில் துளைகளைக் கம்பியும் மண்ணெண்ணெயும் விட்டு நீங்களே கழுவுங்கள். அந்தத் துகள் புதுப் பேரிங்கை முதல் நாளே தின்றுவிடும். ஹெட்டை ஃபேசிங் எடுத்தால் எவ்வளவு எடுத்தார் என்று எழுதி வாங்குங்கள், அடுத்த முறை எடுப்பவருக்கு அது தெரிய வேண்டும்.

பேரிங் கேப், புஷ் ராட், டேப்பட் எல்லாம் எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்துக்கே போக வேண்டும். கழற்றும்போதே எண் குத்தி, போட்டோ எடுத்து வையுங்கள்.

பேசாமல் டீசல் என்ஜின் வைத்துவிடலாமே?

வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் என்ஜின் மாற்றக் கூடாது, ஆர்.சி.யில் இருக்கும் என்ஜின் எண்ணோடு பொருந்தாத வண்டி நாளைக்குப் பெயர் மாற்றவும் சிக்கல். 2021-ல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, அசல் வடிவம் கெடாத வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதிந்து வி.ஏ. என்ற எழுத்துகளோடு எண் வாங்கலாம். சேசிஸ், பாடி, என்ஜின் மாற்றியிருந்தால் அந்தத் தகுதி போய்விடும். அந்தப் பதிவு வாங்கிய வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது என்பதையும் தெரிந்து முடிவெடுங்கள். சட்டத்தை விடுங்கள். அப்பா ஓட்டிய வண்டி என்று வைத்திருக்கிறீர்கள், அதன் என்ஜினை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன?

பாகம் எங்கே கிடைக்கும்?

புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் தேடலாம். பழைய பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், பெயர் சொல்லிக் கேட்பதை விட அது வேகமாக வேலை செய்யும். பழைய ஒரிஜினல் கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் உங்களிடம் இருந்தால் மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள், தண்டு தேய்ந்து ஆடும் இடத்தில் புது புஷ் (உலோக வளையம்) அடித்தால் ஓடும்.

வேலை முடிந்தது. எப்படி ஓட்டுவது, எந்த ஆயில்?

20டபிள்யூ-50 மினரல் ஆயில். இந்த என்ஜின்களின் கேமும் டேப்பட்டும் தேய்த்து ஓடுபவை, ஆயிலில் துத்தநாகச் சேர்க்கை வேண்டும். புதுக் கார்களுக்கான மெல்லிய ஆயிலில் அது குறைவு. புதுக் கேம் போட்டிருந்தால் ஸ்டார்ட் ஆனதும் ஐட்லிங்கில் விடாமல் 2000 ஆர்.பி.எம். பக்கத்தில் இருபது நிமிஷம் ஓட விடுங்கள். கேம் நிறைய ஆயிலை வாங்குவது அந்த வேகத்தில்தான்.

முதல் 500 கிலோமீட்டருக்கு ஒரே வேகத்தில் ஓட்டாதீர்கள். மிதித்து இழுத்து, விட்டு, மறுபடி இழுத்து ஓட்டினால்தான் ரிங் போரில் உட்காரும். 500 முடிந்ததும் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, ஹெட் நட்டுகளை மேனுவலில் உள்ள டார்க் அளவுக்கு வரிசைப்படி மறுபடி இறுக்கி, டேப்பட் பாருங்கள்.

வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விட்டால் போதுமா?

அது கெடுதல். ஐந்து நிமிஷத்தில் என்ஜின் சூடாகாது, எரிந்த ஈரம் ஆயிலிலும் சைலன்ஸரிலும் தேங்கும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை எடுத்தாலும் மணலி வரையாவது போய் வாருங்கள், கேஜ் முள் நடுவுக்கு வந்து கொஞ்ச நேரம் ஓட வேண்டும். அதற்கு வழியில்லாமல் மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேங்கில் இருக்கும் பெட்ரோலை இறக்கி, பிளக் துளையில் ஆயில் விட்டு, கார்புரேட்டர் வாயையும் சைலன்ஸர் வாயையும் ஆயில் துணியால் அடைத்து, மாதம் ஒரு முறை ஹாண்டிலால் இரண்டு சுற்றுச் சுற்றி வையுங்கள். அடைத்த துணியைப் பற்றி ஒரு சீட்டு எழுதி ஸ்டீயரிங்கில் கட்டிவிடுங்கள்.